மேல வால்வு

786
சிதம்பரம்,
14-11-1966

கடலூர் முதுநகர் பைப் ஃபிட்டர் ஜனாப் ரஃபியுதீன் அவர்களுக்கு, பள்ளிவாசல் கமிட்டிச் செயலாளர் அப்துல் வதூது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நம் பள்ளி ஹவுளில் தண்ணீர் நிற்பதில்லை. விடியற்காலை சுபுஹு தொழுகைக்கு விளிம்பு வரை நிரப்பினால் மத்தியானம் ளுஹருக்குள் நாலு விரற்கடை இறங்கிவிடுகிறது. சாயங்காலம் அஸருக்குக் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்ய வருகிற வயசானவர்கள் குனிந்தும் கை எட்டாமல் திட்டுகிறார்கள். ஹவுளைத் திட்டுவதில்லை, என்னைத்தான் திட்டுகிறார்கள். பத்து நாளாக இங்கே விடாத மழை. தெருவில் முழங்கால் தண்ணீர், பள்ளியில் முகம் கழுவத் தண்ணீர் இல்லை.

சிமெண்டுத் தொட்டியிலிருந்து ஹவுளுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் குழாய் போட்டது தாங்கள். தாங்கள்தான் போட வேண்டும் என்று கமிட்டியில் ஒற்றைக் காலில் நின்றது நான்.

போன வெள்ளிக்கிழமை தலைவர் அபுபக்கர் பாய், "இந்த ஹவுள மண்ணப் போட்டு மூடிட்டு சொவரோரம் பத்து டேப்பு வச்சிட்டா தொல்ல வுட்டுது" என்றார். நான் தவணை கேட்டேன். நோன்புக்கு முந்தின கடைசி ஜும்ஆ டிசம்பர் ஒன்பதாம் தேதி வருகிறது. அன்றைக்கும் தண்ணீர் நிற்காவிட்டால் மூடுவது என்று முடிவாகியிருக்கிறது. மூடினால் காரணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். 'ஃபிட்டர் ரஃபியுதீன் போட்ட குழாய் ஒழுகியபடியால்' என்று வாசகத்தைக்கூட அவர் அங்கேயே சொல்லிவிட்டார். முப்பது வருஷத்துத் தீர்மானங்கள் அந்தப் புத்தகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கிறார்கள்.

தாங்கள் உடனே புறப்பட்டு வர வேண்டும். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான்.

அஜீசுன்னிசாவிடம் அவள் அண்ணன் சலாம் சொன்னதாகச் சொல்லவும்.

அப்துல் வதூது,
செயலாளர்

---

கடலூர் முதுநகர்,
17-11-1966

கமிட்டிச் செயலாளர் அவர்களுக்கு, ஃபிட்டர் ரஃபியுதீன் எழுதுவது. வ அலைக்குமுஸ்ஸலாம். இன்லண்டு கிடைக்கவில்லை, இரண்டு கார்டில் நெருக்கி எழுதியிருக்கிறேன்.

ஒன்றரை வருஷம் கழித்து அண்ணனிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது என்று அஜீசுன்னிசா ஓடி வந்து கொடுத்தாள். பிரித்தால் கமிட்டி முத்திரை. உங்கள் தங்கச்சி முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

நான் வர மாட்டேன். காரணம் உங்களுக்குத் தெரியும், தெரியாதவர் மாதிரி எழுதியிருப்பதால் சொல்கிறேன். உங்கள் மகள் நிக்காஹ் அன்றைக்கு நாகூர்ச் சம்பந்தி உட்கார்ந்த சஹனில் நான் உட்காரப் போனேன். ஒரு சஹன் தட்டில் நாலு பேர் சேர்ந்து சாப்பிடலாம். நீங்கள் என் கையைப் பார்த்தீர்கள். என் நகக்கண்ணில் பெயிண்ட் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன், அது சோப்புக்குப் போகாது. "மச்சான், இந்தச் சஹன்ல ஆளு சேந்துபோச்சு, அந்தாண்ட போங்க" என்றீர்கள். அங்கே மூன்று பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு எண்ணத் தெரியும். சோற்றுக்கு ஆகாத கை குழாய்க்கு மட்டும் எப்படி ஆகும்?

குழாய் விஷயத்துக்கு வருகிறேன். என் ஜாயிண்டு ஒழுகாது. பதினெட்டு வருஷமாக இந்தத் தொழில் செய்கிறேன், எனக்கு வீடு வாசல் எல்லாம் அந்தப் பெயர்தான். அதைக் கொண்டுபோய்ப் புத்தகத்தில் ஏற்றுவீர்களா? ஹவுள் சுவரில் விரிசல் இருக்கும், பாருங்கள். துணிக்குப் போடுகிற நீலத்தைக் கொஞ்சம் கரைத்து விடுங்கள். விரிசல் இருந்தால் நீலம் அங்கே போய்ச் சேரும். குழாயில் ஒழுகினால் ஒளுத் திட்டுக்கு அடியில் நான் குழாய் கொண்டுபோன பொந்து இருக்கிறதே, அதன் வாய் வழியாக நீலத் தண்ணீர் வரும். வராது.

அப்படியே வந்தாலும் உள்ளூரில் யாரையாவது வைத்துப் பாருங்கள். மேல வால்வைச் சாத்திவிட்டு, கீழ வால்வைத் திறந்து, குழாயில் உள்ள தண்ணீரெல்லாம் வடிந்த பிறகு ஆள் உள்ளே போக வேண்டும். இதைச் சொல்ல நான் எதற்கு? எனக்கு மேல்பட்டாம்பாக்கத்தில் ரைஸ் மில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

ரஃபியுதீன்

---

சிதம்பரம்,
24-11-1966

ஜனாப் ஃபிட்டர் அவர்களுக்கு.

முதலில் ஒன்று. தயவுசெய்து கார்டில் எழுதாதீர்கள். தபால்காரர் சுப்பராயலு என் துணிக்கடைக்குள் வந்து, நாலு கிராக்கி உட்கார்ந்திருக்கும்போது, "பாய், அந்த சஹன்ல நெசமாவே மூணு பேரா?" என்று கேட்கிறார்.

நீலம் கரைத்தேன். 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு பொட்டலம் முழுதும் போட்டேன். அன்றைக்கு ஜும்ஆ. வந்தவர்களின் வெள்ளைச் சட்டைக் கை எல்லாம் நீலம், அபுபக்கர் பாயின் தாடி நீலம். நிறம் மாறின தண்ணீரில் ஒளுக் கூடாது என்று தொழ வைக்கிற ஹஜ்ரத் எல்லாரையும் கிணற்றுக்கு அனுப்பினார். இருநூறு பேர் மழையில் ஒரு வாளிக்கு வரிசையில் நின்றார்கள். நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தூணுக்குப் பின்னால் தொழுதேன்.

நீலத் தண்ணீர் பொந்து வாய் வழியாகத்தான் வந்தது. உங்கள் குழாய்தான்.

இன்னும் கேளுங்கள். வயல் பம்புசெட் பார்க்கிற பொன்னுரங்கத்தைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். நீங்கள் எழுதியபடி மேல வால்வை நானே குனிந்து சாத்தினேன், சேறு முழங்கை வரை ஏறியது. கீழ வால்வைத் திறந்துவிட்டேன். கரண்ட் இல்லாத நேரம், தொட்டியும் காலி, ஹவுளிலும் தண்ணீர் இல்லை. "சாத்தியாச்சா பாய்?" என்று கேட்டுவிட்டுத்தான் பொன்னுரங்கம் உள்ளே படுத்து ஊர்ந்தார். நாலாவது அடியில் ஈரமாக இருந்த ஜாயிண்டைக் கழற்றியிருக்கிறார். அந்த நேரம் பார்த்து கரண்ட் வந்தது. மோட்டார் சுவிட்சை யாரும் அணைத்திருக்கவில்லை. தொட்டிக்குத் தண்ணீர் ஏறியதும் அது முழு வேகத்தில் அந்த மனுஷர் முகத்தில் அடித்தது.

உள்ளே திரும்ப இடமில்லை. கத்தினால் வாய்க்குள் தண்ணீர். பாங்கு சொல்கிற மோதினாரும் நானும் ஆளுக்கு ஒரு காலைப் பிடித்து இழுத்தோம். தோள்பட்டைத் தோல் உரிந்து வெளியே வந்தார். ரொம்ப நேரம் இருமிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு, "பாய், ஒங்க மச்சான் என்னக் கொல்றதுக்குத்தான் எழுதிக் குடுத்துக்கிறாரு. இனிமே என்ன கூப்புடாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சாமான்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கழற்றியது கழற்றியபடி கிடக்கிறது. இப்போது ஹவுளில் ஒரு விரல் தண்ணீர்கூட இல்லை. உங்கள் கோபம் என்மேல். அதற்கு ஓர் அந்நிய மனுஷர் சாக வேண்டுமா?

அப்துல் வதூது

---

கடலூர் முதுநகர்,
27-11-1966

செயலாளர் அவர்களுக்கு.

பொன்னுரங்கம் எப்படி இருக்கிறார்? தோளில் மருந்து போட்டாரா? அதை முதலில் எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். 'மேல வால்வைக் குனிந்து சாத்தினேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். மேல வால்வை எப்படி ஐயா குனிந்து சாத்த முடியும்? அது கிணற்றுச் சுவரில் ஆள் உயரத்தில் இருக்கிறது. கையைத் தூக்கித்தான் சாத்த வேண்டும். மேல என்றால் உயரத்தில். கீழ என்றால் தரையில், பள்ளத்துக்குள். மேல வால்வு தொட்டித் தண்ணீரை நிறுத்துவது, கீழ வால்வு வடிய விடுவது. நீங்கள் மேற்குச் சுவரோரம் பள்ளத்தில் இருக்கிறதைச் சாத்தி, கிழக்கே கிணற்றில் இருக்கிறதைத் திறந்திருக்கிறீர்கள். வடிகிற வழியை அடைத்துவிட்டு, வருகிற வழியைத் திறந்துவிட்டு, நடுவில் ஓர் ஆளைப் படுக்கப் போட்டிருக்கிறீர்கள்.

மேல வீதி, கீழ வீதி என்று நடந்து நடந்து உங்கள் ஊர்க்காரர்களுக்கு மேல என்றால் மேற்குதான். உயரம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே மறந்துவிட்டது. நான் எழுதிய ஒரு வார்த்தையால் அந்த மனுஷர் போயிருப்பார்.

இனிமேல் தெளிவாக எழுதுகிறேன். கிணற்றுச் சுவரில் உயரத்தில் உள்ள வால்வைச் சாத்துங்கள். தரையில் பள்ளத்தில் உள்ளதைத் திறங்கள். மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துங்கள். ஈரமாக இருக்கிற ஜாயிண்டுதான் ஒழுகுகிறது என்று நினைக்கக் கூடாது, தண்ணீர் குழாயோடு ஓடி வந்து எங்கேயோ சொட்டும். ஒவ்வொரு ஜாயிண்டாகக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். நன்றாகத் திருகின ஜாயிண்டில் குழாய் நுனியில் வெட்டின மரை இரண்டு சுற்றுக்கு மேல் வெளியே தெரியாது. அதற்கு மேல் மரை கையில் பட்டால் அங்கேதான் கோளாறு.

என்னைத் திரும்பத் திரும்ப வா என்று எழுதாதீர்கள். அஜீசுன்னிசாவும் இதே பாட்டுத்தான். "ஒரு பஸ்ஸு ஏறிப் போவீங்களா, இப்புடியே கடுதாசி எழுதிக்கினு கெடப்பீங்களா" என்று கேட்டாள்.

ரஃபியுதீன்

---

சிதம்பரம்,
2-12-1966

மச்சான்,

பொன்னுரங்கத்துக்குத் தோள் ஆறிக்கொண்டு வருகிறது. நேற்றுப் போய்ப் பார்த்தேன். நீங்கள் விசாரித்ததாகச் சொன்னேன். தின்பதற்கு ஏதோ கொடுத்து என்னை உட்கார வைத்தார், ஆனால் பொந்து பேச்சை எடுத்ததும் எழுந்து மாட்டைக் கட்டப் போய்விட்டார்.

மேல என்றால் உயரம் என்று பாடம் நடத்தினீர்கள். நீங்கள் தினமும் வேலைக்குப் போகிற மேல்பட்டாம்பாக்கம் என்ன, பனைமரத்து உச்சியிலா இருக்கிறது? அதை எழுதும்போதாவது உங்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். சரி, குனிந்தபோது எனக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

வேறு யாரும் வரவில்லை. மூன்று பேரைக் கேட்டேன். பொன்னுரங்கத்தின் கதை ஊர் முழுக்கப் போய்விட்டது. அதனால் நேற்று ளுஹருக்குப் பிறகு நானே உள்ளே போனேன்.

என் வயசு நாற்பத்தாறு. கடையில் துணி கிழிக்கிறதுதான் நான் செய்கிற பெரிய கைவேலை. சட்டையைக் கழற்றிவிட்டு, கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பிஸ்மி சொல்லிப் படுத்தேன். ஒன்றேகால் அடி உயரம். தலையைத் தூக்கினால் கல். முழங்கையை மடக்க இடமில்லை. உள்ளங்கையைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நகர வேண்டும். மூக்குக்கு நேரே குழாய், முதுகுக்கு மேலே திட்டு, திட்டின்மேல் யாரோ நடக்கிற சத்தம். ஆறாவது அடியில் எனக்கு மூச்சு வரவில்லை. காற்று இருக்கிறது, ஆனால் வரவில்லை. வெளியே மோதினார், "இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நல்லவேளை கேட்டார்.

பொன்னுரங்கம் கழற்றினதை முதலில் கையால் மாட்டினேன். பிறகு நீங்கள் எழுதியபடி ஒவ்வொரு ஜாயிண்டாகத் தடவினேன். இரண்டு மரை. இரண்டு மரை. எல்லாம் அப்படித்தான். பதினோராவது அடியில், குழாய் மூன்றாகப் பிரிந்து ஒன்று ஹவுளுக்குள் ஏறுகிற இடம் வந்தது. அங்கே ஆறு மரை வெளியே நிற்கிறது, மச்சான். நான் இரண்டு தடவை எண்ணினேன். எனக்கும் எண்ணத் தெரியும்.

குழாய் திருகுகிற ரிஞ்சு போடவில்லை. வெறும் கையால், இந்தத் துணி அளக்கிற கையால் திருகிப் பார்த்தேன். திரும்பியது.

ஒழுகாது ஒழுகாது என்று எனக்கு எத்தனை தடவை எழுதினீர்கள்? உங்களுக்காக நான் எத்தனை பேரிடம் பேச்சு வாங்கினேன்? அது தேய்ந்து போனதில்லை, துருப்பிடித்துப் போனதில்லை, திருகாமலே விட்டது. உங்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. இரண்டு வருஷமாக என்னை ஏமாற்றினீர்களா?

கமிட்டியில் நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஒன்பதாம் தேதி என்ன சொல்ல வேண்டும் என்று நீங்களே எழுதுங்கள்.

வதூது

---

கடலூர் முதுநகர்,
5-12-1966

மச்சான்,

உங்களுக்கு ஸலாம் சொல்லவே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

அந்த ஜாயிண்டு நான் திருகாமல் விட்டதுதான். அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

கடைசி நாள் வேலை அது. மற்றதெல்லாம் முடிந்துவிட்டது, அந்த ஒன்றுதான் பாக்கி. சணல் சுற்றி, பெயிண்ட் பூசி, கையால் பிடிப்பு வரை திருகினேன். ரிஞ்சை எடுக்க வலது கையைப் பின்னால் கொண்டுபோனேன். கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. சட்டை எங்கேயோ கொக்கியில் சிக்கிவிட்டது. முன்னால் போக முடியவில்லை, பின்னால் வர முடியவில்லை. விளக்குச் சாய்ந்து அணைந்துவிட்டது. கத்தினேன். அப்போதுதான் மேலே தொழுகைக்குத் தக்பீர் கட்டுகிற சத்தம் கேட்டது. அஸர் ஆரம்பித்துவிட்டது. தொழுகையில் நிற்கிறவன் எனக்காக எப்படித் திரும்புவான்? நாலு ரக்அத். உங்களுக்கு அது பத்து நிமிஷம். நான் ஒவ்வொரு அல்லாஹு அக்பரையும் எண்ணிக்கொண்டு கிடந்தேன், இன்னும் எத்தனை, இன்னும் எத்தனை என்று. மய்யித்தைக் குழிக்குள் வைத்துவிட்டு எல்லாரும் தொழப் போய்விட்டார்கள் என்றுதான் தோன்றியது.

அவர்கள் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிப்பதற்குள் நானே சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். யாருக்கும் தெரியாது. நீங்கள் கூட வந்து, "என்ன மச்சான், இப்புடி வேர்த்துக்கிடக்கு" என்று கேட்டீர்கள். புழுக்கம் என்றேன். திரும்ப உள்ளே போக என்னால் முடியவில்லை. தண்ணீர் விட்டுப் பார்த்தேன், நின்றது. சணல் ஊறிப் பிடித்துக்கொண்டது. ஒரு மாதத்தில் வந்து திருகிவிடலாம் என்று நினைத்தேன். மறு மாதம் என்று தள்ளினேன். அதற்குள் உங்கள் வீட்டு நிக்காஹ் வந்தது, நீங்கள் என்னைச் சஹனிலிருந்து எழுப்பினீர்கள். அந்த அவமானம் உண்மைதான், இன்றைக்கும் அது வலிக்கிறது. ஆனால் எனக்கு அது சௌகரியமாகவும் போய்விட்டது. சிதம்பரம் வராமல் இருக்க மரியாதையான ஒரு காரணம் கிடைத்தது. பயந்தாங்கொள்ளி என்பதைவிட ரோஷக்காரன் என்பது கேட்க நன்றாக இருந்தது.

மரையைத் தடவிப் பார்க்கச் சொல்லி எழுதினதும் நான்தான். எழுதும்போது கை எழுதிவிட்டது. தபால் பெட்டியில் போட்ட பிறகு பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அபுபக்கர் பாய் சொன்ன வாசகத்தையே எழுதிக்கொள்ளுங்கள். ஹவுளை மூடட்டும். என்னால் அந்தப் பொந்துக்குள் போக முடியாது, மச்சான். இப்போதெல்லாம் ரைஸ் மில்லில் தொட்டிக்குக் கீழே குனிந்தால்கூட நெஞ்சு அடைக்கிறது.

ரஃபியுதீன்

---

சிதம்பரம்,
6-12-1966

மச்சான்,

உங்கள் கடிதம் இன்று காலையில் வந்தது. கடையை அடைத்துவிட்டுப் படித்தேன்.

இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன? நான் என்ன உங்களைக் கடித்தா தின்றுவிடுவேன்? இப்படி இரண்டு பேரும் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு ஊரில் புழுங்கியிருக்கிறோம்.

மூன்று பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். நான் எண்ணிவிட்டுத்தான் அப்படிச் சொன்னேன். சம்பந்தி என்ன நினைப்பாரோ என்று பயந்தேன். அவர் ஒன்றுமே நினைத்திருக்க மாட்டார். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வந்துவிடுங்கள். உள்ளே நான் போகிறேன், எனக்கு வழி தெரியும். நீங்கள் பொந்து வாயில் உட்கார்ந்து எப்படித் திருக வேண்டும் என்று சொன்னால் போதும். கடிதத்தில் இனிமேல் எந்த வால்வைப் பற்றி எழுதினாலும் படிக்க மாட்டேன்.

வதூது

---

சிதம்பரம்,
12-12-1966

அன்புள்ள மச்சானுக்கு,

வெள்ளிக்கிழமை சுபுஹுக்கு விளிம்பு வரை நிரப்பினோம். ளுஹருக்குப் பார்த்தேன், அஸருக்குப் பார்த்தேன், இன்றைக்கு நாலாவது நாள். கோடு கிழித்த இடத்தில் தண்ணீர் அப்படியே நிற்கிறது. மோதினார் ஒரு நாளைக்கு ஐந்து தடவை விரலை விட்டு அளக்கிறார், அளந்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

வியாழக்கிழமை நீங்கள் வந்தபோது நான் உள்ளே படுத்துக்கொண்டு ரிஞ்சை எந்தப் பக்கம் திருப்பினேன் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. "வலது பக்கம், வலது பக்கம்" என்று நீங்கள் கத்துகிறீர்கள், குப்புறக் கிடக்கிறவனுக்கு வலது எது? காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டுவிட்டு, "நவுருங்க மச்சான், கையாலாகாத வேல" என்று திட்டிக்கொண்டே நீங்கள் உள்ளே நுழைந்துவிட்டீர்கள். உங்களுக்கும் பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். "மச்சான், பேசிக்கினே இருங்க, நிறுத்தாதீங்க" என்றீர்கள். எனக்கு என்ன பேசத் தெரியும்? லாங்கிளாத், மல், பாப்ளின், வாயில், காடா என்று கடைச் சரக்கைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். நீங்கள் திருகி முடித்து வெளியே வரும் வரை திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னேன். எனக்குத் தொண்டை இன்னும் சரியாகவில்லை.

ஒரு நல்ல செய்தி. ஜும்ஆவுக்குப் பிறகு கமிட்டி கூடியது. ஹவுளை மூடும் பேச்சு எடுபடவில்லை. அபுபக்கர் பாய், "என்னாத்துக்காவ ஒழுகிச்சு?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, 'ஹவுள் குழாயில் கசிவு ஏற்பட்டது. காரணம் தெரியவில்லை. ஃபிட்டர் ரஃபியுதீன் சரி செய்தார்' என்று புத்தகத்தில் எழுதிவிட்டேன். உங்கள் பெயருக்கு ஒரு குறையும் வராது. நிம்மதியாக நோன்பு பிடியுங்கள்.

அஜீசுன்னிசாவைப் பெருநாளைக்குக் கட்டாயம் அனுப்பவும்.

வதூது

---

கடலூர் முதுநகர்,
17-12-1966

மச்சான் அவர்களுக்கு, நோன்பு நான்கில் ரஃபியுதீன் எழுதுவது.

தண்ணீர் நிற்கிறது என்று படித்ததும் மனசு குளிர்ந்தது. அடுத்த பத்தியைப் படித்ததும் திரும்பக் கொதித்துவிட்டது. நோன்பு வைத்துக்கொண்டு கோபப்படக் கூடாது என்று இரண்டு நாள் எழுதாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

காரணம் தெரியவில்லையா? உங்களுக்கு நான் ஒளிக்காமல் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேனே, அது காரணம் இல்லாமல் வேறு என்ன? என்மேல் உள்ள பிரியத்தில் எழுதினீர்கள் என்று தெரிகிறது. அஜீசுன்னிசா அந்த வரியைப் படித்துவிட்டு அழுதாள், எங்கள் அண்ணன் எங்கள் அண்ணன் என்று பாதித் தெருவுக்குச் சொல்லிவிட்டு வந்தாள். நான் அழவில்லை. எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு குழாய் ஒழுகியது, காரணம் தெரியவில்லை, அதே ஃபிட்டர் வந்து சரி செய்தார் என்று எழுதியிருந்தால், படிக்கிறவன் என்ன நினைப்பான்? ரஃபியுதீன் போடுகிற குழாய் காரணமில்லாமலே ஒழுகும் என்றுதானே? நாளைக்கு அந்தப் பொந்தில் வேறு ஜாயிண்டு போனால், எங்கே தேடுவது என்று எவனுக்குத் தெரியும்? இன்னொரு பொன்னுரங்கத்தை உள்ளே அனுப்பி எல்லாவற்றையும் கழற்றுவீர்களா?

இந்தப் பதினெட்டு வருஷத்தில் கடலூரிலும் நெல்லிக்குப்பத்திலும் பண்ருட்டியிலும் நான் போட்ட ஜாயிண்டுகள் ஆயிரம் இருக்கும். எல்லாம் மண்ணுக்கு அடியிலும் சுவருக்குள்ளேயும் கிடக்கின்றன. யாரும் தோண்டிப் பார்க்கப் போவதில்லை. நான் சொல்கிற வார்த்தையை நம்பித்தான் மேலே சிமெண்ட் பூசினார்கள். அத்தனையும் நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னால் ஒருவன் நம்ப வேண்டும் என்றால், இந்த ஒன்று கெட்டுப்போனது என்று நான் சொன்னது எங்காவது எழுதியிருக்க வேண்டும்.

அந்த வரியை அடித்துவிட்டு எழுதுங்கள். 'பதினோராவது அடியில் உள்ள ஜாயிண்டை ஃபிட்டர் ரஃபியுதீன் முழுதும் திருகாமல் விட்டபடியால் ஒழுகியது.' என் பெயரை முழுசாக, தகப்பனார் பெயரோடு எழுதுங்கள். பயந்து விட்டேன் என்பதையும் எழுதுவதானால் எழுதுங்கள், அதை உங்கள் இஷ்டத்துக்கு விடுகிறேன். அடித்த இடத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் அபுபக்கர் பாய் ஒப்புக்கொள்ள மாட்டார்.

எழுதிவிட்டு எனக்கு ஒரு கார்டு போடுங்கள். தபால்காரர்கள் படித்தாலும் பரவாயில்லை.

ரஃபியுதீன்